முதல் ராத்திரிக்கு ஒரு படுக்கை

கோடை வந்தாலே டொரொன்டோ, நியூ ஜெர்சி பக்கமிருந்து போன் வரும். "பையன் பேக்பேக் மாட்டிக்கிட்டு மான்ட்ரியல் வர்றானாம். ரூம் எதுவும் புக் பண்ண மாட்டேங்கிறான். சரியா வருமா?" கான்கார்டியாவில் மாஸ்டர்ஸ் படிக்க வந்து, இப்போது டவுன்டவுனிலேயே சாப்ட்வேர் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்து நிற்கிறது.

என் பதில்: முதல் ராத்திரிக்குக் கண்டிப்பா புக் பண்ணச் சொல்லுங்க. மற்றது தேதியைப் பொறுத்தது.

டவுன்டவுனில் சில தேதிகளில் மலிவான படுக்கை கிடைப்பதே கஷ்டம். ஃபார்முலா 1 பந்தய வாரம் (வழக்கமாக ஜூன், 2026 முதல் மே) வந்தால் கிரெசன்ட் தெருவே திருவிழாவாகிவிடும். ஜூன் கடைசியில் ஜாஸ் திருவிழா தொடங்கும். ஆகஸ்ட் கடைசியில் மெகில், கான்கார்டியா மாணவர்களும் அவர்களைக் கொண்டுவிட வரும் பெற்றோரும். இந்த நாட்களில் எல்லா இரவுக்கும் முன்பே பதிவு செய்வதுதான் புத்திசாலித்தனம். சாதாரண வார நாட்கள் என்றால் முதல் இரவு போதும். பிடித்தால் நீட்டிக்கலாம், இல்லை கியூபெக் சிட்டிக்குப் பஸ் ஏறலாம். அந்தச் சுதந்திரத்துக்காகத்தானே பிள்ளை கிளம்புகிறது!

முதல் இரவை மட்டும் ஏன் விடக்கூடாது? விமான நிலையத்திலிருந்து 747 பஸ் 24 மணி நேரமும் பெர்ரி-யுகாம் வரை ஓடும். ஆனால் மெட்ரோ இரவு 1 மணி வாக்கில் நின்றுவிடும். ஜனவரியில் மைனஸ் 20-இல் பையோடு தெருத்தெருவாக அறை தேட முடியாது. அதைவிடப் பெரிய காரணம், களைத்துப்போனவர்கள் கிடைத்த இடத்தில் படுத்துவிடுவார்கள். 2023 மார்ச் 16 அன்று பழைய மான்ட்ரியலில் ஒரு கட்டடம் எரிந்து 7 பேர் இறந்தார்கள். குறுகிய கால வாடகைக்கு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு சட்டம் இறுகியது. இப்போது இப்படி வாடகைக்கு விடும் வீட்டின் விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்க்க நிதானம் வேண்டும். ராத்திரி 12 மணிக்கு, 5% சார்ஜ் உள்ள போனில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஹாஸ்டல் என்றதும் நம்ம ஊர் காலேஜ் ஹாஸ்டலை நினைக்காதீர்கள். இங்கே ஒரு படுக்கையை மட்டும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுக்கலாம். டவுன்டவுனில் கான்கார்டியாவை ஒட்டிய மெக்கே தெருவிலேயே ஒரு ஹாஸ்டல் உண்டு. பதிவு செய்யும்முன் நான்கு விஷயம் பாருங்கள்: எந்த நாள் வரை இலவசமாக ரத்து செய்யலாம், இரவில் ரிசப்ஷன் திறந்திருக்குமா, வயது வரம்பு என்ன, பெண்களுக்குத் தனி அறை உண்டா. 40 டாலர் என்று போட்டிருந்தால் 5 சதவீதமும் 9.975 சதவீதமும் வரி சேர்ந்து கிட்டத்தட்ட 46 ஆகும். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு எடுத்துப் போகட்டும்.

நம்ம அப்பா அம்மா காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மாமா வீடோ சித்தி வீடோ இருக்கும். படுக்கப் பாய் விரித்திருக்கும். நம்ம பிள்ளைகளுக்கு அந்த வீடு வேண்டாம், விசாரணை அதிகம்! அதனால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "முதல் ராத்திரி எங்க தூங்குற? அட்ரஸ் அனுப்பு." மற்ற இரவுகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.