அணைக்கு யார் பில் கட்டுவது? - தாமோதர் சொல்லும் கணக்கு

ஒரு கடை வைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கும், ஓர் ஆற்றில் அணை கட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். எவ்வளவு போட வேண்டும், எவ்வளவு திரும்ப வரும்? இந்தியாவில் பாசனத் திட்டங்களுக்குப் பொதுவான அளவுகோல், போடும் 1 ரூபாய்க்கு 1.50 ரூபாய் பயன் வர வேண்டும் என்பது. வறட்சிப் பகுதி என்றால் 1 ரூபாய் வந்தாலே போதும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கடையில் முதல் போட்டவரே லாபத்தையும் எடுத்துக் கொள்வார். ஆற்றில் அப்படி இல்லை. நிலத்தை இழப்பவர் ஒருவர், தண்ணீர் பெறுபவர் இன்னொருவர், பணம் கட்டுபவர் மூன்றாமவர். இந்த மூவர் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தாமோதர் நதி நல்ல உதாரணம்.

தாமோதர், இன்றைய ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூர் பீடபூமியில் பிறந்து மேற்கு வங்கத்துக்குள் இறங்குகிறது. அடிக்கடி வெள்ளம் வந்ததால் அதற்கு 'வங்காளத்தின் துயரம்' என்றே பெயர். 1943-ல் பர்த்வான் பக்கம் கரை உடைந்து, ரயில் பாதையும் கிராண்ட் டிரங்க் சாலையும் துண்டிக்கப்பட்டன. அது உலகப்போர் நேரம் வேறு. அரசு உடனே விசாரணைக் குழு அமைத்தது. விஞ்ஞானி மேகநாத் சாகாவும் அதில் ஒருவர். அமெரிக்காவில் 1933-ல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் முன்மாதிரியானது. அங்கிருந்து வந்த வூர்டுயின் என்ற பொறியாளர் 1945-ல் திட்ட அறிக்கை கொடுத்தார்.

அறிக்கை பிரமாதமானது. மொத்தப் படுகையையும் ஒரே அலகாகப் பார்த்தது. எட்டு அணைகள், கீழே ஒரு தடுப்பணை. வினாடிக்கு 10 லட்சம் கன அடி வெள்ளம் வந்தாலும் அதை 2.5 லட்சமாக அடக்கிக் கீழே அனுப்பலாம். கூடவே பாசனம், மின்சாரம். 1948-ல் தனிச் சட்டம் போட்டு தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. மத்திய அரசு, பீகார், மேற்கு வங்கம் என மூன்று பங்குதாரர்கள்.

இப்போது கட்டியதைப் பாருங்கள். திலையா (1953), கோனார் (1955), மைத்தான் (1957), பஞ்சேத் (1959). நான்கே நான்கு! துர்காபூர் தடுப்பணை 1955-ல் வந்தது. மற்ற நான்கு அணைகளைக் கழகம் கட்டவே இல்லை. கட்டிய மைத்தானிலும் பஞ்சேத்திலும்கூட, திட்டமிட்ட உயரம் வரை தண்ணீர் தேக்கத் தேவையான நிலம் முழுதாகக் கையகப்படுத்தப்படவில்லை. அதாவது வெள்ளத்தைப் பிடித்து வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

ஏன் இப்படி? சட்டத்திலேயே ஒரு குறிப்பு கிடைக்கிறது. வெள்ளத் தடுப்புக்கான மூலதனச் செலவில் 14 கோடி ரூபாய் வரை மத்திய அரசும் மேற்கு வங்கமும் சரிபாதி ஏற்க வேண்டும். அதற்கு மேல் போனால் முழுவதும் மேற்கு வங்கத்தின் தலையில். இன்னொரு பக்கம், மூழ்கப் போகும் வயல்களும் வீடுகளும் பெரும்பாலும் அன்றைய பீகாரில். கீழே இருப்பவர் பிழைக்க மேலே இருப்பவர் ஏன் ஊரை விட வேண்டும்? இந்தக் கேள்விக்கு எந்தப் பொறியாளரின் வரைபடத்திலும் பதில் கிடையாது.

அடுத்தது வருமானம். மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, மாதா மாதம் பில் போடலாம். வராமல் போன வெள்ளத்துக்கு யாரிடம் பில் போடுவது? வெள்ளத்தை அடக்கப் பிறந்த கழகம், காலப்போக்கில் முக்கியமாக நிலக்கரியில் மின்சாரம் தயாரித்து விற்கும் நிறுவனமாகி விட்டது. யாரும் சதி செய்யவில்லை. காசு வரும் பக்கம் நிர்வாகம் சாய்ந்தது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமானால் மழைக்காலத்தில் அணை காலியாக இருக்க வேண்டும். பாசனத்துக்கும் நீர்மின்சாரத்துக்கும் அது நிரம்பி இருக்க வேண்டும். எட்டு அணைகள் இருந்தால் இரண்டையும் ஓரளவு சமாளிக்கலாம். நான்கை வைத்துக் கொண்டு, அதிலும் வண்டல் சேர்ந்து கொண்டே வரும்போது, ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு சூதாட்டம்தான். கீழே ஆறும் மண் மேடிட்டு, முன்பு போல் தண்ணீரைத் தாங்குவதில்லை.

1978-லும் 2000-லும் பெருவெள்ளம் வந்தது. 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, இது மனிதர்கள் உண்டாக்கிய வெள்ளம் என்று கழகத்தைக் குற்றம் சாட்டியது. மாநிலப் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்கும் குழுவின் முடிவுப்படிதான் தண்ணீர் திறக்கப்பட்டது என்று மத்திய அரசு பதில் சொன்னது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு இந்த இரண்டு அறிக்கையாலும் ஒரு பயனும் இல்லை.

அதற்காகத் திட்டமே வீண் என்று சொல்லிவிட முடியாது. அணைகள் பல வெள்ளங்களின் வேகத்தைக் குறைத்திருக்கின்றன. பர்த்வான் வயல்களுக்குக் கால்வாய்த் தண்ணீர் போகிறது. அந்த வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் கிடைத்தது. ஆனால் எட்டு அணைக்குப் போட்ட கணக்கை நான்கு அணையிடம் எதிர்பார்ப்பதுதான் தவறு. பாதித் திட்டம் பாதிப் பயனைத் தராது. சில சமயம், 'அணை இருக்கிறதே' என்ற நம்பிக்கையில் ஆற்றோரம் குடியேறியவர்களுக்குப் புதிய ஆபத்தையே தரும்.

2024 டிசம்பரில் கென்-பெட்வா நதி இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 44,605 கோடி ரூபாய். அங்கேயும் மூழ்குவது ஓர் இடம், பாசனம் பெறுவது பல மாவட்டங்கள், பங்கு போடுவது இரண்டு மாநிலங்கள். இப்படிப்பட்ட திட்டங்களின் சாத்தியக்கூறு அறிக்கையில் பயன் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளுக்குப் பக்கம் ஒதுக்க வேண்டும். பாதியில் நின்றால் யாருக்கு என்ன ஆகும்? பாதியில் நிறுத்த யாருக்குக் காரணம் இருக்கிறது?

இரண்டாவது கேள்வியை 1945-லேயே கேட்டிருந்தால், மேலே நிலம் கொடுப்பவருக்கும் லாபத்தில் ஒரு பங்கு எழுதி வைத்திருப்பார்கள். மீதி நான்கு அணைகளும் ஒருவேளை எழுந்திருக்கும்.