கந்தையில் மலர்ந்த பூக்கள்



சென்ற தை மாதத்தில் கர்நாடக மாநிலத்தின் வட கன்னட மாவட்டத்துக்குச் சென்று வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பெங்களூரில் குருமாணவனாக இருந்த நாள்களில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் அங்கே ஹளியாள் வட்டாரத்தில் பணிபுரிகிறார். "கோவாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் எங்களைக் கடந்து போய்விடுகிறார்கள், நீராவது ஒருமுறை இறங்கிப் பாரும்" என்று பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு போக மனமில்லாமல், அவ்வூர் ஏழைகளுக்கென்று எங்கள் பங்கில் பழைய துணிகள் சேகரித்து, இரண்டு மூட்டைகளாகக் கட்டி எடுத்துச் சென்றேன். அந்த மூட்டைகள் எனக்குக் கற்பித்த பாடத்தைப் பின்னர் சொல்கிறேன்.

ஹுப்பள்ளியில் இரயிலை விட்டிறங்கித் தார்வாட் வழியாகப் பேருந்தில் சென்றேன். தார்வாட் வரையிலும் பரந்த கரிசல் நிலம்; பருத்தியும் சோளமும் விளையும் பூமி. அதைத் தாண்டி மேற்கே செல்லச் செல்ல மண் சிவக்கிறது. தேக்கும் மூங்கிலும் சாலையை நெருங்கி வருகின்றன. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோற்போர்கள் நின்றன. பகல் வெயில் இதமாக இருந்தது. இரவிலோ, வெப்ப நாட்டில் வளர்ந்த என் எலும்புகளைக் குளிர் ஊடுருவியது. நண்பர் கனத்த போர்வை ஒன்றைக் கொணர்ந்து என்மீது போர்த்தினார். அது கம்பளியன்று, ஆயினும் கம்பளியைப்போல் வெதுவெதுப்பாயிருந்தது.

காலை வெளிச்சத்தில் அதைக் கண்டபோதுதான் வியந்தேன். முழுவதும் துணித் துண்டுகள்! சிவப்புப் பூப்போட்ட சேலைத் துண்டு, அதனருகே பள்ளிப் பிள்ளையின் நீலச் சீருடை, அதையடுத்துக் கட்டம் போட்ட லுங்கி, கரைபோன வேட்டி, இவற்றின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு சிலுவை. எல்லாவற்றையும் இணைத்து, உழவு சால்களைப் போல் வெள்ளை நூல் வரிவரியாக ஓடியது. "இதன் பெயர் கவந்தி. சித்தி இனத்துப் பாட்டி ஒருவர் தைத்தது. இன்று அவர் வீட்டுக்குப் போவோம்" என்றார் நண்பர்.

சித்தி மக்கள்

சித்திகள் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். 16-ஆம் நூற்றாண்டு முதலாகப் போர்த்துக்கீசியர் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து, சிறப்பாக மொசாம்பிக்கிலிருந்து, அடிமைகளைக் கப்பலேற்றிக் கோவாவுக்குக் கொணர்ந்தனர். அவர்களுள் தப்பி ஓடியவர்களும் விடுதலை பெற்றவர்களும் மலையேறிக் காடுகளுக்குள் குடிபுகுந்தனர். அவர்களை விற்றவர்களிலும் வாங்கியவர்களிலும் திருமுழுக்குப் பெற்றவர்கள் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. தலை குனிந்து ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்று ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு, அங்கோலா முதலிய வட்டங்களில் இவர்களுடைய சிற்றூர்கள் இருக்கின்றன. இவர்களுள் இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் உண்டு. வீட்டில் கொங்கணி கலந்த மொழி, கடைவீதியில் கன்னடம். விழா நாள்களில் 'தமாம்' என்னும் முழவைக் கொட்டி ஆடுவார்கள். பிறர் நிலத்தில் கூலி வேலையும், காட்டு விளைபொருளும் பலருக்கு வாழ்வாதாரம். 2003-ஆம் ஆண்டில்தான் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். இப்பகுதி 1976-இல் உருவான கார்வார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

ஊசியின் பயணம்

பாட்டியின் வீடு மண் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்டது. சாணமிட்டு மெழுகிய திண்ணையில் ஒரு காலை நீட்டி அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தார். நண்பர் கொங்கணியில் பேசி எனக்குத் தமிழில் சொன்னார். நான் ஒரு மணையில் அமர்ந்து முற்பகல் முழுதும் அவர் கைகளையே கவனித்திருந்தேன். நம் தாய்மார்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் முறையைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

அடியில் ஒரு பழைய பருத்திச் சேலை. அதுவே போர்வையின் முதுகு. அதன்மேல், ஒரு மூலையிலிருந்து வேலை தொடங்குகிறது. துண்டின் ஓரத்தை விரலால் உள்ளே மடித்து, சேலையின் விளிம்போடு சேர்த்து நேர்த்தையலாக ஓட்டுகிறார். ஒரு துண்டு முடிந்ததும் அதன் விளிம்பின்மேல் அடுத்த துண்டு. இவ்வாறு நான்கு ஓரங்களையும் சுற்றி வந்து, மறுபடியும் அதற்கு உட்புறமாக ஒரு சுற்று, அதற்கும் உள்ளே மற்றொரு சுற்று. கோயிலை வலம் வருகிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் கருவறையை நெருங்குவது போல, ஊசி விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் செல்கிறது. கடைசித் தையல் நடுவில் விழுகிறது. சட்டமில்லை, அளவுகோலில்லை, தையல் இயந்திரமில்லை; கண்ணே அளவு. மேலே வைக்க இயலாத அளவுக்கு நைந்த துண்டுகளும் வீணாவதில்லை. அவை உள்ளே அடுக்கப்பட்டு வெப்பம் தருகின்றன.

புதுத் துணி வாங்கித் தைத்தால் இன்னும் நாள்பட உழைக்குமே என்று கேட்டேன். பாட்டி சிரித்தார். "புதுத் துணி துவைத்தால் சுருங்கும், சுவாமி. பழையது சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்தால் புதியது பழையதை இழுத்துக் கிழித்துவிடும்" என்றார். பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப்போடுவதைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமைக்கு முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்து வருகிறேன். நாசரேத்தூர் வீட்டில் ஒட்டுப்போட்ட ஆடையை உடுத்து வளர்ந்தவரின் வாக்கு அது என்பது, அந்தத் திண்ணையில்தான் எனக்கு உறைத்தது.

வேலை முடிந்தபின் ஒன்று மீதமிருக்கிறது. நான்கு மூலைகளிலும் சிறு துண்டுகளை முக்கோணமாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைக்கிறார்கள். இதற்கு 'பூலா' என்று பெயர். பூ என்பது பொருள். இதனால் போர்வைக்கு வலிமை கூடுவதில்லை, வெப்பம் கூடுவதுமில்லை. ஆனால் பூலா இல்லாத கவந்தியை அவர்கள் அம்மணமாய் நிற்பதாகவே கருதுகிறார்கள். கூலி வேலைக்கும் சமையலுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில், பயன் ஒன்றுமில்லாத நான்கு பூக்களுக்காக ஊசி பிடிக்கும் அந்தக் கைகளைக் கண்டு நான் வாயடைத்துப் போனேன். ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு என்று எண்ணி உதவி செய்கிறவர்கள் நாம். அவர்களுக்குக் கண்ணும் உண்டு.

பழந்துணியைச் சேர்த்துத் தைக்கும் வழக்கம் சித்திகளுக்கு மட்டும் உரியதன்று. வட கர்நாடகம் எங்கும் 'கௌதி' தைக்கிறார்கள். மராட்டியர் 'கோதடி' என்பர். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கிச் சித்திரத் தையலிட்டுக் 'காந்தா' செய்கிறார்கள். நம் பாட்டிமாரும் நைந்த வேட்டிகளை அடுக்கித் தைத்துப் பச்சைக் குழந்தைக்கு விரித்தவர்களே. ஆயினும் துணிவான நிறச் சேர்க்கையாலும், மூலைப் பூக்களாலும், விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் செல்லும் முறையாலும் சித்திப் பெண்களின் கைவண்ணம் தனித்துத் தெரிகிறது. கத்தோலிக்கப் பெண்கள் சிலுவையையும், இஸ்லாமியப் பெண்கள் பிறையையும் துணியில் பதிக்கிறார்கள். அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் இவற்றை ஆராய்ந்து எழுதியதன் பயனாய், இப்போர்வைகள் வெளிநாட்டுக் காட்சிக்கூடங்கள் வரை சென்றிருக்கின்றன.

என் மூட்டைகள்

பிற்பகலில் என் மூட்டைகளைப் பாட்டியின் முன் அவிழ்த்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்து, தடவிப் பார்த்து மூன்று குவியல்களாகப் பிரித்தார். பருத்திச் சேலைகளும் வேட்டிகளும் ஒரு குவியல். அவற்றைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. பாலியெஸ்டர் துணிகள் மற்றொன்று. அவற்றில் வெப்பம் தங்காது என்றார். மூன்றாவது குவியல் வளர்ந்துகொண்டே போயிற்று. கறைபடிந்தவை, பொத்தான் அறுந்தவை, துவைக்காமலே திணிக்கப்பட்டவை. அவர் ஒன்றும் சொல்லாமல் அவற்றை மடித்து ஓரமாய் வைத்தார். அந்த மௌனம் என்னைச் சுட்டது. வற்புறுத்திக் கேட்டபின் தாழ்ந்த குரலில், "நாங்களும் பழைய துணியில்தான் வேலை செய்கிறோம், சுவாமி. ஆனால் முதலில் துவைத்துவிடுவோம்" என்றார்.

பிறகு ஒரு பச்சைச் சேலையை மடியில் விரித்து, "இது யாருடையது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யார் கொடுத்தது என்று நான் பார்க்கவேயில்லை. தம் கையிலிருந்த கவந்தியைக் காட்டி அவர் ஒவ்வொரு துண்டாய்ச் சொல்லலானார்: இது மூத்த மகளின் திருமணச் சேலை, இது பேரன் பள்ளிக்கு அணிந்த சட்டை, இது இறந்துபோன கணவரின் லுங்கி. அவருடைய கந்தைகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. என் மூட்டையில் ஒன்றுக்கும் பெயரில்லை. தருமம் செய்ததாக எண்ணி வந்தவன், வீட்டைக் காலி செய்ததற்குத் தருமம் என்று பெயரிட்டதை உணர்ந்தேன்.

என் பிழை அத்தோடு முடியவில்லை. ஒரு கவந்தியை வாங்க விரும்பி விலை கேட்டேன். அவர் சொன்னதும், "பழந்துணிக்கு இவ்வளவா?" என்று என் வாய் தவறியது. நண்பர் அதை மொழிபெயர்க்கவில்லை. என்னிடம் மட்டும், "உமது திருப்பலி உடையில் இருக்கும் பூவேலைக்குக் கொடுத்த கூலியை நினைத்துப் பாரும். இது பல வாரங்களின் உழைப்பு" என்றார். நான் மறுபேச்சின்றிக் கேட்ட விலையைக் கொடுத்தேன். கூடவே தொட்டிற்குழந்தைக்குரிய சிறிய கவந்தி ஒன்றும் வாங்கினேன்.

கடலுக்கு அப்பால் ஓர் ஊர்

அன்றிரவு நண்பரின் அலமாரியில் ஒரு படப் புத்தகத்தைக் கண்டேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவு ஒன்றினுள் அமைந்த கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரைப் பற்றியது. அங்கு வாழ்வோரும் பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்களே. அவர்களுடைய பெண்களும் கிழிந்த வேலையுடைகளைக் கொண்டு போர்வை தைத்தவர்களே. 1966-இல், ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் சபைக் குருவான பிரான்சிஸ் வால்ட்டர் என்பவரின் ஒத்துழைப்போடு, அவ்வட்டாரப் பெண்கள் 'விடுதலைப் போர்வைத் தையற் சங்கம்' ஒன்றை நிறுவித் தம் உழைப்புக்கு விலை பெற்றனர். 2002-இல் ஹூஸ்டன் கலைக்கூடத்தில் இப்போர்வைகள் ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

அவற்றுள் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலவில்லை. மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி, 1942-இல் கணவர் இறந்தபின் அவருடைய வேலையுடைகளை வெட்டித் தைத்தது. அவரை மறவாதிருக்கவும், அவருடைய அன்பின்கீழ் உறங்கவும் அதைத் தைத்தாராம். முழங்கால் மண்டியிட்டு உழைத்த கறைகள் இன்றும் துணியில் தெரிகின்றன. இரு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாத இரு விதவைகள் கணவரின் உடையை ஒரே நோக்கோடு கையிலெடுத்திருக்கிறார்கள்! அவர்களுடைய முன்னோரிடமிருந்து ஊரும் பெயரும் பறிக்கப்பட்டன. அப்படிப்பட்டவர்கள் தம்மவரின் நினைவை ஒரு முழத் துண்டில்கூட விட்டுவிடாமல் காப்பது தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபின்

ஊர் திரும்பியதும் முதல் ஞாயிறு மறையுரையில் மூன்று குவியல்களின் கதையை ஒளிக்காமல் சொன்னேன். சிலருக்கு வருத்தம் உண்டாயிற்று. வேறு சிலர் திருப்பலி முடிந்து அறைவீட்டுக்கு வந்து கவந்தியைத் தொட்டுப் பார்த்தனர். அன்று வந்த தாய்மார் சிலர் இப்போது வாரம் ஒரு நாள் பங்கு மண்டபத்தில் கூடுகிறார்கள். வெளியிலிருந்து துணி சேர்ப்பதில்லை. அவரவர் வீட்டுப் பெட்டியிலிருப்பதே. முதலில் துவைத்து உலர்த்துகிறார்கள். பிறகு துண்டுகளை விரித்து வைத்து, எது யாருடையது என்று பேசுகிறார்கள். தையலைவிட அந்தப் பேச்சுக்கே நேரம் அதிகமாகிறது. அண்மையில் தாயை இழந்த ஒரு பெண், அம்மாவின் சுங்குடிச் சேலையைக் கத்தரிக்க மனம் வராமல் மூன்று வாரம் மடியிலேயே வைத்திருந்தார். நான்காம் வாரம் அவரே கத்தரியைக் கேட்டு வாங்கினார்.

அந்தச் சிறிய கவந்தியைக் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். இவ்வாண்டு குழந்தை இயேசுவின் சுரூபத்துக்குச் சரிகைத் துணி விரிப்பதில்லை.

அன்பர்களே, அப்பம் பலுகியபின் எஞ்சிய துணுக்குகளை வீணாக்காமல் சேர்க்கும்படி ஆண்டவர் சீடரைப் பணித்தார். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பெட்டி இருக்கலாம். அதைத் திறக்கும் நாளில் பிள்ளைகளையும் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். அது யாருடைய சேலை, எந்த நாளில் உடுத்தது என்று சொல்லுங்கள். பிறகு ஊசியை எடுங்கள். நான்கு மூலைகளிலும் பூ வைக்க மறவாதீர்கள்.