இறம்பொடை இறக்கமும் ஒரு சிறு விளக்கும்

மலைநாட்டுக்குப் பயணம் போகின்றவர்கள் ஏற்றத்தைப் பற்றியே பேசுவர். வண்டி ஏறுமா, இயந்திரம் கொதிக்குமா, குழந்தைகளுக்குத் தலை சுற்றுமா என்பனவே வீட்டிற் கேட்கும் கேள்விகள். இறக்கத்தைப் பற்றிக் கேட்பவர் அரியர். ஆயினும் வண்டியையும் சாரதியையும் உண்மையாகச் சோதிப்பது இறக்கமே. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் சாலை இதற்குத் தக்க சான்றாகும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கம்பளையோ அதனினும் ஏறத்தாழ 1,400 மீற்றர் தாழ்ந்தது. இம்மலைவழியின் இடர் பழமையானது. 1848 ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிற் குடியேற வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரின் வண்டியும் குதிரைகளும் இங்கே பள்ளத்தில் வீழ்ந்தன. வண்டியோட்டி உயிர் தப்பினான். 1855 இல் வெளியிட்ட தமது நூலில் பேக்கர் இதனை நகைச்சுவையாகவே எழுதியுள்ளார். ஆனால் 2025 மே 11 ஆம் நாள், இதே சாலையில், கொத்மலைப் பகுதியின் கெரண்டி எல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதை எவரால் நகைச்சுவையாக எழுத இயலும்?

நாம் இவ்வழியாக இறங்கியது 2024 ஏப்ரல் மாதப் பிற்பகுதியில். நண்பர் ஒருவரின் குடும்பமும் எமது குடும்பமும் சேர்ந்து சென்றோம். வண்டி, நண்பர் சில மாதங்களுக்கு முன் வாங்கிய பழைய ஜெர்மானியக் கார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், கைமாறி வந்த வண்டிகளையே பலரும் வாங்க வேண்டியிருந்த காலம் அது. சாரதியாக வந்தவர் தேயிலைத் தோட்டத்து லொறிகளை நெடுங்காலம் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். புறப்படும் நாளுக்கு முதல் நாள் மாலை, குழந்தைகள் கிரகெரி வாவிக் கரையில் விளையாடிக்கொண்டிருக்க, அவர் நண்பரிடம் வந்து, “ஐயா, முன் சக்கரத்துல ஒரு உரசல் சத்தம் கேக்குது” என்றார்.

“பிரேக் விளக்கு எரியவில்லையே!” என்றார் நண்பர்.

“வெளக்கு எரியலைங்கிறதுக்காக பிரேக் நல்லாயிருக்குன்னு நெனைக்கலாமுங்களா? வீலைக் கழட்டிப் பாத்துருவோம்.”

நகரில் இருந்த சிறிய கராஜ் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். அங்கிருந்த இளைஞர் சக்கரத்தைக் கழற்றி, கைவிளக்கைப் பிடித்துக் காட்டினார். பிரேக் பாட் எனப்படும் உராய்வுக் கட்டை புதிதாயின் ஏறத்தாழ பத்து மில்லிமீற்றர் தடிப்பிருக்கும். மூன்று மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். நாம் கண்டதோ காகித அட்டையளவான ஒரு படலம். ஒரு மூலையில் அதுவுமின்றி, இரும்பு தகடாகவே சுழல்தட்டில் உரசிக்கொண்டிருந்தது.

“அப்படியாயின் விளக்கு ஏன் எரியவில்லை?” என்று கேட்டோம்.

“இங்க பாருங்க ஐயா, வயர் ரெண்டையும் வெட்டி முறுக்கி விட்டிருக்காங்க” என்றார் இளைஞர்.

இதன் பொருளை விளக்குதல் வேண்டும். இத்தகைய வண்டிகளில், பாட்டினுள்ளே மெல்லிய மின்கம்பி ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். பாட் குறித்த அளவு தேய்ந்ததும் அக்கம்பி சுழலும் தட்டில் உராய்ந்து அறுந்துவிடும், மின்னோட்டம் தடைப்படும், சாரதியின் முன்னே விளக்கு எரியும். ஒரு வட்டமும் அதன் இரு மருங்கும் முறிந்த வளைகோடுகளும் கொண்டது அவ்விளக்கின் குறி. வியப்புக்குறி கொண்ட சிவப்பு விளக்கு வேறு. அது கைப்பிரேக் இழுபட்டிருப்பதையோ பிரேக் எண்ணெய் குறைந்திருப்பதையோ உணர்த்துவது. யப்பானிய வண்டிகள் பலவற்றில் கம்பி இல்லை. சிறிய உலோக நாக்கு ஒன்று தட்டில் உரசிக் கீச்சென்று ஒலியெழுப்பும்.

அறுந்த கம்பியின் முனைகளை ஒன்றாக முறுக்கிவிட்டால் மின்னோட்டம் மீண்டும் ஓடும். எல்லாம் நலமென்று வண்டி நம்பிவிடும். வண்டியை விற்குமுன் எவரோ அவ்வாறு செய்திருந்தனர். பாட் மாற்றுவதற்கு ஆகும் செலவு அவர்களுக்கு மிஞ்சியது. அதன் விலையை மறுநாள் மலைச்சரிவில் எமது குழந்தைகள் கொடுக்க இருந்தனர்.

இங்கே ஒரு கணக்குப் பார்க்கலாம். மாணவர்கள் தாமே செய்து பார்க்கக்கூடியதே. ஆட்களுடன் 1,500 கிலோகிராம் நிறையுள்ள கார் 1,400 மீற்றர் இறங்கும்போது வெளிவிடும் சக்தி ஏறத்தாழ இரண்டு கோடி யூல். அது 60 லீற்றர் குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் இயந்திரமும் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சிய வெப்பம் முழுவதும் பிரேக்கின் தலையிலேதான். பாட் மெலிந்திருந்தால் வெப்பம் விரைவாகப் பிரேக் எண்ணெய்க்குத் தாவும். எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றும். மிதிக்கும் கால் பள்ளத்தில் இறங்குவதுபோல் இறங்கும், வண்டி நில்லாது.

கண்டியிலிருந்து உதிரிப்பொருள்கள் மறுநாட் காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தன. இளைஞர் இரு முன் சக்கரங்களுக்கும் புதிய பாட்டுகளையும், முறுக்கிய வயருக்குப் பதிலாகப் புதிய உணர்கம்பியையும் பூட்டினார். பின் சக்கரங்களையும் திறந்து பார்த்து, அவை நன்றென்றார். அதன் பின்னரே விளக்கின் கணக்கைத் திருத்த அமர்ந்தார். இயந்திரத்தை இயக்காமல் மின்னிணைப்பை மாத்திரம் கொடுத்து, வேகமானியின் அருகிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தார். பராமரிப்புப் பட்டியல் தோன்றியது. முன் பிரேக்கைத் தெரிந்து மீண்டும் அழுத்தினார். வண்டி தன் கம்பியைத் தானே சோதித்தது. குறி மாறிப் புதுக் கணக்குத் தொடங்கியது. கம்பி அறுந்தே இருந்தால் இவ்வகை வண்டி அக்கட்டளையை ஏற்காது என்றும், முறை வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலால் கைந்நூலைப் பார்ப்பதே நன்றென்றும் அவர் கூறினார்.

பெரியவர் உடனே இறக்கத்துக்குப் புறப்படவில்லை. நின்ற நிலையிலேயே பிரேக்கைப் பலமுறை மிதித்து அழுத்தம் வரச் செய்தார். பின் வாவியைச் சூழ்ந்த சமதரையில் மெல்ல ஓட்டி, மெல்ல நிறுத்தி, புதிய பாட்டைத் தட்டுடன் பழக்கினார். நண்பகலின் பின்னரே மலையை விட்டோம்.

லபுக்கலையில் தேயிலைச் சரிவுகள் மூடுபனியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பெரியவர் கியரைத் தாழ்த்தி, இயந்திரத்தின் பிடியிலேயே வண்டியை இறக்கினார். “ஏறுன கியர்லதான் எறங்கணும்” என்பது லொறிக்காரரின் பழைய விதியாம். பூ விற்கும் சிறுவன் ஒருவன் ஒரு வளைவில் கையசைத்தான். குறுக்குப் பாதையால் ஓடி அடுத்த வளைவிலும் பூங்கொத்துடன் நின்றான். வண்டி அவனருகில் அமைதியாக நின்றது. அன்று நிற்றல் என்பதும் ஓர் இன்பமாகவே தோன்றியது.

இறம்பொடையில் 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியின் இரைச்சலைக் கேட்டோம்; சுரங்கச் சாலையைக் கடந்தோம்; சின்மயா மிஷன் அமைத்த அனுமார் கோயிலில் வணங்கினோம். கீழே, 1985 இல் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கம் மாலை வெயிலில் ஒளிர்ந்தது. புசல்லாவையைத் தாண்டிக் கம்பளையை அடைந்தபோது பெரியவர் இறங்கி, சக்கரங்களினருகே உள்ளங்கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். “பரவாயில்லைங்க” என்றார்.

2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின் பெருமழையால் மலைநாட்டுச் சாலைகள் பல குலைந்தன. ஆதலின் இவ்வழி செல்வோர் சாலையின் நிலையை முன்னரே கேட்டறிதல் நன்று. அத்துடன் தமது வண்டியின் நிலையையும் கேட்டறிய வேண்டும். பழைய வண்டி வாங்குவோர், விளக்கு அணைந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பாட்டின் தடிப்பைக் கண்ணாற் காண்பாராக. விளக்கு எரிந்தால் முதலிற் பாட்டை மாற்றுக. பொத்தானை அழுத்துவது அதன் பின்னர். அதற்குச் செல்வது ஓர் அரைநாட் பொழுதே. இறம்பொடை எங்கும் போய்விடாது. மறுநாளும் அவ்வருவி வீழ்ந்துகொண்டே இருக்கும்.