மண்டபம் முகாம்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் இரயிலில் அமர்ந்திருக்கும் யாத்திரிகர்கள், இராமநாதபுரமும் உச்சிப்புளியும் கடந்து, பனைகளும் குடைவேல மரங்களும் நின்ற மணல்வெளி மெல்லக் குறுகி, இருபுறமும் கடல் இருப்பது காற்றின் உவர்ப்பிலேயே தெரியத் தொடங்கியவுடன், பாம்பன் பாலத்தைக் காணும் ஆவலில் ஜன்னலை நெருங்கி அமர்ந்துகொள்கிறார்கள். அந்த ஆவலில், ‘மண்டபம் முகாம்’ என்னும் நிலையத்தின் பெயர்ப்பலகையை வாசிக்கும் அவகாசம் பலருக்கும் வாய்ப்பதில்லை. முகாம் என்பது சில நாள் கூடிக் கலைவது என்றே நாம் எண்ணுகிறோம். இங்கோ அது நூறாண்டுக்கு மேலாகக் கலையாமல் நின்று, இரயில் நிலையத்துக்கும் தபால் முகவரிக்கும் பெயராகிவிட்டது.

ஊர் பெரிதன்று. நிலப்பரப்பு முடிந்து கடல் தொடங்கும் நுனியில், வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ, ஒரு குடியானவர் காலை நடையாகவே இரண்டு சமுத்திரங்களையும் பார்த்துவிட்டு வீடு திரும்பக்கூடிய ஒடுங்கிய ஸ்தலம் இது. வாடைக் காற்றின் மாதங்களில் வடகடல் பொங்கும். கச்சான் எழுந்தால் தென்கடல் சீறும். 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971இல் கொச்சிக்குத் தலைமையிடம் பெயரும் வரை பல ஆண்டுகள் இங்கிருந்தே இயங்கியது. மீன்கள் ஒரு கடலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் மார்க்கங்களை அறிஞர்கள் ஆராய்ந்த அதே ஊரில், மனிதர்கள் கடல் கடப்பதற்குரிய அனுமதிகளைப் பதிவேடுகள் தீர்மானித்துக்கொண்டிருந்தன.

இந்த முகாமை முதலில் நடத்தியது நம் சர்க்கார் அன்று, இலங்கை சர்க்கார் என்பதைச் சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். 1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய காலத்தில், கங்காணிகள் கிராமம் கிராமமாகத் திரட்டிவந்த தோட்டத் தொழிலாளர்களைச் சில தினங்கள் தனித்து நிறுத்தி, பிளேக்கோ காலராவோ தொற்றியிருக்கிறதா என்று சோதித்து, அம்மை குத்தி, அதன்பின் கப்பலேற்றுவதற்காக, இந்திய மண்ணிலேயே அந்த அரசாங்கம் பராமரித்துவந்த ஸ்தாபனம் இது. தேயிலை விளைவிக்கக் கைகள் வேண்டியிருந்த வரையில் இந்த வழி ஒரே திசையில் நடந்தது. 1948இல் சுதந்திர இலங்கை இயற்றிய பிரஜா உரிமைச் சட்டத்தால் அந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் போயினர். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று, சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேளாமலே பங்கிட்டது. இரண்டு மாதம் நிறைவதற்குள், அந்த டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பின்னர் தலைமன்னார்க் கப்பல் இராமேசுவரத்தில் கரை சேர, பாட்டன் ஏறிப்போன வழியிலேயே பேரன் இறங்கி வந்து, அதே மண்டபத்தில் மறுபடி வரிசையில் நின்றான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்களில் பலருக்குக் கப்பலும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. மன்னார்க் கரையிலிருந்து இரவில் புறப்பட்ட படகுகள் அவர்களை இராமேசுவரத் தீவின் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பின. மண்டபத்தில் பெயர் பதிந்து, தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலுள்ள முகாம்களுக்கு அவர்கள் பிரித்தனுப்பப்பட்டார்கள். 1987இல் சிலர் திரும்பினார்கள். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது இன்னும் பலர் வந்தார்கள். இன்றும் 100க்கு மேற்பட்ட முகாம்களில் 55,000க்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் இலங்கையைக் கண்ணால் கண்டவர்களே அல்லர்.

தமிழக அரசு இவர்களைப் பட்டினி போட்டதில்லை என்பதை மனமாரச் சொல்லவேண்டும். 2021இல் முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர ஏற்பாடு செய்து, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாகவும், ஏனைய பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உதவித்தொகையை உயர்த்தினார்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது சொற்பமான காரியம் அன்று. ஆயினும் அகதிகளைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீசாரின் கணக்கெடுப்புக்குத் தலைகாட்டி நிற்கவேண்டிய ஒரு பட்டதாரி, அரசாங்க உத்தியோகம் எதற்கும் மனுப்போட இயலாமல், கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போவதை உதவித்தொகை மாற்றிவிடாது. இவர்களுக்கு அன்னமிட்ட நாம் அந்தஸ்து அளிக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அகதிகளைப் பற்றிய 1951ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் புகலிடத்துக்கென்று தனிச்சட்டம் இல்லை. 2015இல் சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தமோ பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களோடு நின்றுவிட்டது. ஆனால் அரசியல் சாசனத்தின் 14ஆவது, 21ஆவது பிரிவுகள் பிரஜைகளுக்கு மாத்திரமன்றி எல்லா மனிதர்களுக்கும் உரியவை. 1996இல் சக்மா அகதிகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிற்று. 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை மனுக்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று தள்ளிவிடாமல் 16 வாரங்களில் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தீர்ப்பளித்தார். இன்னொரு விஷயத்துக்குப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை: 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை. இந்த விதிக்கு உட்பட்டவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பத்திரம் கொடுக்க ஒரு குமாஸ்தாவும் ஒரு மேஜையும் போதும். இலங்கைத் தமிழர் தலைவர் சா.ஜே.வே. செல்வநாயகத்தின் குமாரர் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், கோஷங்களைவிடப் பிறப்புப் பதிவிலும் படிப்பிலும் அதிக சிரத்தை காட்டியதன் தாற்பரியம் இப்போது விளங்குகிறது. திரும்பிப் போக விரும்புவோருக்கும் பிறப்புப் பத்திரமே முதல் தேவை.

தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. புயலிலும் நிலைத்த அந்த ஸ்தலத்தில்தான் இலங்கையிலிருந்து வந்த விபீஷணன் சரண் புகுந்தான் என்பது ஐதிகம். ‘பகைவனின் தம்பி, வேவு பார்க்க வந்திருக்கக்கூடும்’ என்று சுக்ரீவன் சந்தேகித்தான். எல்லைக் காவலர் எவருக்கும் அது நியாயமான சந்தேகமே. ஆனால் வந்தவனின் சொல்லை ராமன் கேட்டான், தன் சகாக்களோடு விவாதித்தான், அபயம் அளித்த கையோடு பட்டமும் கட்டினான். மாதாமாதம் படியளந்து கரையோரத்தில் இருத்தி வைத்ததாக எந்த ராமாயணமும் சொல்லவில்லை.

2022 மார்ச் 22ஆம் தேதி, இலங்கையில் அரிசியும் பால்மாவும் எட்டாக் கனியான பஞ்சத்தில், 16 பேர் இந்தக் கரைக்கு வந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது வழக்கும் சிறையும். பின்னர்தான் மண்டபத்தில் இடம். தொடர்ந்து 200க்கு மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். 2025இல் மத்திய சர்க்கார் பிறப்பித்த விலக்கு ஆணை, பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றித் தங்கியிருப்பதைக் குற்றமாகக் கருதவேண்டாம் என்கிறது, நல்லதே. ஆனால் அது 2015 ஜனவரி 9 வரை வந்தவர்களுக்கு மட்டும் பொருந்துவது. பசியால் படகேறி வந்த இந்தக் கடைசிக் குடும்பங்களுக்கு அந்த ஆணையில் இடமில்லை. புகலிடச் சட்டம் ஒன்று வரும்போது முதல் மனு அவர்களுடையதாகவே இருக்கவேண்டும்.