சுடாத துப்பாக்கிகள்

அறிவுரை கூறப் புறப்பட்டுப் பாடம் கற்றுத் திரும்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா? இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் எனக்கு, சென்ற ஆண்டு அப்படியோர் அனுபவம் வாய்த்தது.

என் மூத்த சகோதரி மணமுடித்து லண்டனில் குடியேறி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவர்களின் அழைப்பை ஏற்று நான் அங்குச் சென்ற மறுநாளே, லாத்தா என்னைத் தனியே அழைத்து, "தம்பி, மாடியில் அவன் அறையைப் போய்ப் பார். அலமாரி நிறையத் துப்பாக்கி! நான் சொன்னால் சிரிக்கிறான். நீ ஓதிக்கொடுக்கிறவன்; மாமா சொன்னால் கேட்பான்" என்றார்கள்.

திடுக்கிட்டேன். பிறகுதான் அவை சுடாத துப்பாக்கிகள் என்பதை லாத்தா விளக்கினார்கள். விஞ்ஞானக் கற்பனைத் திரைப்படங்களில் வரும் ஆயுதங்களின் மாதிரிகளைச் சேகரிப்பது அவர்களுடைய மகனின் பொழுதுபோக்காம். அவற்றுள் ஒன்றை ஒரு கண்காட்சிக்கு எடுத்துச் செல்ல, அடுத்த வாரம் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறப் போகிறானாம். லாத்தாவின் கலக்கத்திற்கு அதுவே காரணம்.

அந்தக் கலக்கம் வெறும் கற்பனையன்று. 1999 செப்டம்பரில் லண்டனின் ஹாக்னி பகுதியில், பழுதுபார்த்த மேசைக்கால் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துச் சென்ற ஒருவரை, அவர் துப்பாக்கி வைத்திருப்பதாக எண்ணிக் காவலர்கள் சுட்டுக் கொன்றுவிட்டனர். "மேசைக்காலுக்கே அந்தக் கதி என்றால், நம்மைப் போன்ற பெயரும் முகமும் உள்ள பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போகலாமா?" என்று லாத்தா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அன்று மஃரிபுக்குப் பின் மருமகனின் அறைக்குள் நுழைந்தேன். கண்ணாடிக் கதவிட்ட அலமாரியில் பத்துப் பன்னிரண்டு துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. அவற்றுள் ஒன்று என் கண்ணை நிறுத்தியது. பக்கவாட்டில் குண்டுப்பெட்டி செருகிய அந்தக் குட்டைத் துப்பாக்கியை நான் எங்கோ கண்டிருக்கிறேன். எங்கே? என் சிறுவயதில், டிசம்பர் 6 ஆம் நாளில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் வாயிலில் காவலுக்கு நின்ற காவலரின் தோளில்!

"சரியாகச் சொன்னீர்கள் மாமா" என்று மருமகன் வியந்தான். "இதன் மூலம் ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி. அதையே உரிமம் பெற்று நம் நாட்டிலும் கான்பூரில் செய்தார்கள். 1977 இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வெண்கவசப் படைவீரர்கள் ஏந்துவது இதைத்தான்."

பிறகு அவன் சொல்லச் சொல்ல நான் வியந்தேன். அப்படத்தின் அரங்கப் பொருள்களை அமைத்த ரோஜர் கிறிஸ்டியனிடம் புதிய ஆயுதங்களை வடிவமைத்துச் செய்யும் அளவுக்குப் பணம் இல்லை. ஆகவே லண்டனில் உண்மைத் துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்து, அவற்றின்மேல் பழைய தொலைநோக்கிகளையும் பிளாஸ்டிக் பட்டைகளையும் ஒட்டி, வருங்கால ஆயுதங்களாக மாற்றினார். கதாநாயகனின் ஒளிவாளுக்குப் பிடியாக அமைந்தது, பழைய புகைப்படக் கருவியொன்றின் மின்னல் விளக்குக் கைப்பிடி! அந்தக் கைத்திறனுக்காக அவரும் அவருடைய சகாக்களும் 1978 இல் ஆஸ்கார் விருது பெற்றனர். அப்படத்தில் ஹான் சோலோ என்னும் பாத்திரம் ஏந்திய துப்பாக்கி 2022 இல் அமெரிக்காவில் ஏலம் போனது. விலை பத்து லட்சம் டாலருக்கும் மேல்!

மூலப்பொருள் கைக்கு எட்டாததால்தான் இவர்கள் மாதிரிகளை நாடுகின்றனர். படத்தைக் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்து, எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று ஆராய்கின்றனர். ரெசினை அச்சில் வார்த்து, கறுப்பு வண்ணம் பூசி, ஓரங்களில் வெள்ளி வண்ணத்தைத் தேய்த்துப் பழமையை வரவழைக்கின்றனர்.

ஹான் சோலோவின் துப்பாக்கி மாதிரியை மருமகன் என் கையில் தந்தான். இரும்பென்று எண்ணி வாங்கிய எனக்கு அதன் எடையின்மை வேடிக்கையாக இருந்தது. அதன் மூலம் 1896 ஆம் ஆண்டின் ஜெர்மானிய மௌசர் என்று அவன் சொன்னதும், கல்லூரியில் வரலாறு பயின்ற என் நினைவு எங்கோ சென்றது.

"தம்பி, 1898 இல் சூடானின் ஓம்துர்மான் போரில் இளம் அதிகாரியாக இருந்த சர்ச்சில் கையில் ஏந்தியது இவ்வகை மௌசரைத்தான். அந்த ஒரே நாளில் ஏறத்தாழப் பத்தாயிரம் சூடானியர் மடிந்தனர். நீ வருங்காலம் என்று அலமாரியில் வைத்திருப்பது சென்ற காலத்தின் இரும்புதான்" என்றேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு இதன் கைவேலைதான் பிடிக்கும் மாமா. கொலை பிடிக்காது" என்றான் மெல்லிய குரலில்.

அதை நான் நம்பினேன். பெருநாள் காசில் நான் முதலில் வாங்கியதும் பொட்டுவெடித் துப்பாக்கிதானே! அவற்றைத் தூக்கி எறியச் சொல்லவே நான் மாடியேறினேன். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. ஆனால் வேறொன்றைச் சொன்னேன். தம் சகோதரனை நோக்கி விளையாட்டாகக்கூட ஆயுதத்தை நீட்டலாகாதென்று நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இது சுடாது என்பது உனக்குத் தெரியும். எதிரே நிற்பவனுக்குத் தெரியுமா? அவனுடைய அச்சம் மெய்யானது. அறிந்தவன்தான் அறியாதவனுக்காகவும் எண்ணிப் பார்க்க வேண்டும். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் போலித் துப்பாக்கியை எடுத்துச் செல்வதை, அந்நாட்டின் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றமாக்கியுள்ளது.

"கண்காட்சி ஒரு தக்க காரணம்தானே மாமா?" என்றான் அவன்.

"நீதிபதியிடம் காரணம் சொல்லலாம் தம்பி. ரயில் நிலையத்தில் உன்னைக் கண்டு அஞ்சுகிறவனிடம் அதைச் சொல்ல நேரம் இருக்குமா? ஹாக்னியில் இறந்தவருக்கு அந்த நேரம் கிடைத்ததா? உன் உம்மா உறங்காமல் இருப்பது அதற்காகத்தான்."

அடுத்த வாரம் அவன் ரயிலில் போகவில்லை. பூட்டிய பெட்டிக்குள் வைத்து, காரின் பின்பெட்டியில் ஏற்றிச் சென்றான். அவன் திரும்பி வரும்வரை லாத்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்ததும், கண்காட்சியில் அவனுடைய வேலைப்பாட்டை யார் யார் பாராட்டினார்கள் என்று முதன்முறையாகக் கேட்டார்கள். அன்றிரவு மாடி அறையில் தாயும் மகனும் பேசிக்கொண்டிருந்த குரல் எனக்குக் கேட்டது.

வாசகர்களே! நம் பிள்ளைகளின் அலமாரியில் நமக்குப் புரியாத பொருள் இருந்தால், எறியச் சொல்வதற்கு முன் அது என்னவென்று கேளுங்கள். பெருநாளில் அவர்களுக்கு விளையாட்டுத் துப்பாக்கி வாங்கித் தந்தால், எவரையும் நோக்கி அதை நீட்டாதே என்ற சொல்லையும் சேர்த்தே கொடுங்கள்.