மேட்டைக் கடந்த நீர்

ஐரோப்பாவின் நிலப்படத்தை விரிப்போர் கண்ணைத் தன்யூப் ஆறு எளிதில் ஈர்த்துவிடும். செர்மனியின் கருங்காட்டு மலைகளில் பிறந்து, பத்து நாடுகளைத் தொட்டு, ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. அண்மையில் பாயும் ரைன் ஆறோ வடகடலை நாடிச் செல்கிறது. இரண்டையும் பிரிப்பது இடையே உயர்ந்து நிற்கும் நிலம். அதனை நீர்பிரிமேடு என்பர். அம்மேட்டின் ஒருபுறம் விழும் மழைத்துளிக்கு ஒரு கடல், மறுபுறம் விழுவதற்கு வேறொரு கடல். அதனைக் குறுக்கே வெட்டிக் கால்வாய் அமைக்கச் சார்லமேன் என்னும் மன்னர் கி.பி. 793இல் முயன்றார். இக்காலக் கப்பல்கள் செல்லும் ரைன்-மைன்-தன்யூப் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டது 1992இல்தான்.

நாஞ்சில் நாட்டிலும் இத்தகைய மேடு ஒன்று உண்டு. அதன் ஒருபுறம் பரளியாறு. மகேந்திரகிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோதையாற்றோடு கூடி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைவது அது. மறுபுறம் பழையாறு. சுருளகோட்டுப் பக்கம் தொடங்கிப் பூதப்பாண்டி, சுசீந்திரம் ஊர்களைத் தழுவி மணக்குடியில் கடல் சேர்கிறது. அதன் நீளம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. தன்யூபின் முன் இதனை ஆறென்று சொல்லவே நாணும் அளவு! ஆயினும் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய வயல்கள் இதன் கரையிலேயே விளைந்தன.

இச்சிற்றாறு அத்தனை வயலுக்கும் நீர் தந்தது எவ்வாறு? அந்நீர் முழுவதும் அதனுடையது அன்று. பரளியாற்றை அணையால் மறித்து, பாறையை வெட்டி, மேட்டைக் கடந்து பழையாற்றுக்கு நீர் கொணர்ந்தனர் முன்னோர். அவ்வாய்க்காலுக்குப் பாண்டியன் கால் என்று பெயர். வெடிமருந்தும் பொறிகளும் இல்லாத காலத்தில், உளியும் தோளும் கொண்டு செய்த வேலை அது. 1906இல் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தபின் அந்த ஆற்றின் நீரும் இவ்வழியே வந்து சேர்ந்தது. ஐரோப்பியர் மேட்டை வெட்டியது கப்பலுக்காக. நாஞ்சிலார் வெட்டியது கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல்லுக்காக.

இன்று அவ்வயல்களில் பல மனைகளாகிவிட்டன. வயல் மறைந்தால் அதற்கு நீர் தரும் மடையைத் தூர் வாருவார் இல்லை. மடை தூர்ந்தால் அடுத்துள்ள வயலும் காயும். மனை விற்றவரை மட்டும் குறை சொல்வதும் நேர்மையன்று. உழவு கட்டுப்படியாகாமல் கைவிட்டோர் அவர்களுள் பலர். இதனிடையே நகரின் கழிவும் ஆற்றில் கலக்கிறது.

மணக்குடியில் ஆறு கடலைத் தொடும் இடத்தைப் பொழி என்பர். கோடையில் அலைகள் கொணரும் மணல் அவ்வாயை அடைத்துவிடும். உள்ளே நீர் அசையாமல் தேங்கும். மலையில் மழை வலுத்ததும் ஆறு பெருகி வந்து மணலை உடைக்கும். பரளியாற்றுக்கென்று பெய்த மழையும் அப்போது பழையாற்றின் வழியே கடலுக்குள் இறங்கும்.