குன்னூர்த் தகரக் கூரைகள்

குன்னூரிலும் உதகையிலும் கோத்தகிரியிலும் பழைய பங்களாக்களுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் நெளிதகரமே கூரையாக அமைந்திருப்பதற்குக் காரணம், அது இலேசானது என்பதும் விரைவில் வேய்ந்து முடிக்கக்கூடியது என்பதுமே. இலண்டனில் ஹென்றி ராபின்சன் பால்மர் 1829-ல் நெளிதகரத்துக்கு உரிமை பெற்றார். 1837-ல் பிரான்ஸில் ஸ்டானிஸ்லாஸ் சோரல், உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்துதான் மழை ஓயாத மலையூர்களில் இரும்புக் கூரையைச் சாத்தியமாக்கின.

அத்தகைய பங்களா ஒன்றில் வர்ண வேலை நடப்பதாகக் கேள்விப்பட்டு, தகரத்துக்கு நீடித்து உழைக்கும் பெயிண்ட் எது என்று விசாரிக்கப் போனேன். மேஸ்திரி, 1964-ம் வருஷத்து இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்தவர். கம்பெனியின் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்த என்னிடம் அவர், "பெயிண்டை அப்புறம் பாக்கலாங்க ஐயா. தகரம் புதுசா, பழசா? அதை முதல்ல சொல்லுங்க" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது. பளபளக்கும் புதுத் தகரத்தின்மேல் நேராக எண்ணெய் இனாமலைப் பூசினால், அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் துத்தநாகத்தோடு கூடி, வர்ணத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒருவகைச் சோப்புப் படலமாக மாறிவிடுகின்றன. பிறகு எவ்வளவு உயர்ந்த விலையுள்ள வர்ணமானாலும், வாழைப்பட்டை உரிவதுபோல் அகலம் அகலமாக உரிந்து வருவதைத் தடுக்க இயலாது. ஆகவே புதுத் தகரத்தைச் சில காலம் மழையிலும் வெயிலிலும் மங்கவிட வேண்டும். அல்லது துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும் வாஷ் பிரைமரை முதலில் பூச வேண்டும். அல்லது துத்தநாகத்துக்கென்றே செய்யப்படும் அக்ரிலிக் வர்ணத்தை நாட வேண்டும். துரு ஏறிய பழைய தகரத்துக்குச் சிகிச்சையே வேறு: கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு சுரண்டிக் கழுவி, காய்ந்தபின் ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். பிரைமரோடு நிறுத்திச் சிக்கனம் பண்ணும் சொந்தக்காரர்களும் உண்டு. வெயிலையும் மழையையும் தனியே தாங்கும் சக்தி பிரைமருக்கு இல்லை என்பது அவர்களுக்கு இரண்டாம் மழைக்காலத்தில் விளங்கும்.

மேலே இரண்டு இளைஞர்கள் ஆணி வரிசையின்மேலேயே அடி வைத்து நடந்தார்கள். அடியில் மரச்சட்டம் இருக்குமிடம் அதுவே. உருளையை எடுப்பதற்கு முன், ஆணித் தலைகளிலும் தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்புகளிலும் பிரஷ்ஷினால் ஒரு கை தனியே ஓட்டினார்கள். துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

சுரண்டும் வேலையைப் பார்த்தபோதுதான் எனக்குச் சங்கடமாயிருந்தது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற சட்டம் 2017-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு வெகு காலம் முந்திய பூச்சுகளை உரசும்போது எழும் தூசிக்கு அவர்கள் கட்டியிருந்ததோ வெறும் துண்டு. வர்ணத்தின் ஆயுளைப் பற்றிப் பேசும் நாம் பூசுகிறவனின் ஆயுளைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. நனைத்துச் சுரண்டினால் தூசி அடங்கும். ஆனால் அப்புறம் உலரக் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதுதான் இத்தொழிலில் விலையுயர்ந்த சரக்கு. இரண்டு பருவமழைகளும் ஓய்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் வறண்ட நாட்களிலும், பனி வற்றித் தகரம் கைக்கு ஈரமில்லாமற் படும்வரை அவர்கள் வர்ண டப்பாவைத் திறப்பதில்லை. அவர்கள் கூரைக்குப் பூசிய வர்ணம் சிவப்பு. அது எதற்கென்று மேஸ்திரியைக் கேட்டேன். "வேற கலர் வெளுத்துப்போகுங்க" என்றார். இரும்பு ஆக்சைடு நிறமி வெயிலுக்குச் சளைக்காதது என்ற உண்மையை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியதும், "மாமா, இன்னும் ஒரு பக்கம் பாக்கி" என்று இளைஞன் கூவினான். "மூடு டப்பாவை" என்றார் மேஸ்திரி. வேலை சதுர அடிக் கணக்கில் பேசியிருந்தபடியால், அந்த அரை நாள் கூலி அவர்களுக்குத்தான் நஷ்டம்.